வீட்டுப் பிளானும் கம்ப்யூட்டரும்: என் அனுபவம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. "உன் தொழிலைப் பத்திப் பேசு" என்று தலைவி அக்கா சொன்னப்ப முதலில் மறுத்தேன். ஆடு வளர்க்கிறவங்க, தையல் மிஷின் வச்சிருக்கிறவங்க, மசாலாப் பொடி அரைக்கிறவங்க நடுவில், கம்ப்யூட்டரில் வீட்டுப் பிளான் போடுறவ என்ன பேசுறது? அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். நம்ம குழுக்களிலேயே சிவில் டிப்ளமோ படிச்ச பொண்ணுங்க, மருமகள்கள் நிறைய இருக்காங்க. அவங்களுக்கு இது தொழில். மத்தவங்களில் பாதிப் பேர் வீடு கட்டியிருக்கீங்க, இல்லைன்னா கட்டப் போறீங்க. உங்களுக்கு இது உங்க காசு. அதனால் ரெண்டு பேருக்கும் பொதுவாகப் பேசுறேன். புரியாத இடத்தில் கையைத் தூக்குங்க.

நான் முசிறிப் பக்கம். டிப்ளமோ முடிச்சதும் கல்யாணம். ரெண்டு பிள்ளைங்க பிறந்து, சின்னவன் பள்ளிக்கூடம் போகும் வரை படிச்சது பெட்டியில்தான் இருந்துச்சு. குழுவில் சேர்ந்து நாலாவது வருஷம், கம்ப்யூட்டர் வாங்க 60,000 ரூபாய் கடன் கேட்டேன். எங்க ஊக்குநர் அக்கா, "மாடு வாங்கினா பால் கறக்கும், இது என்ன கறக்கும்?" என்று கேட்டாங்க. "ஒரு வீட்டுப் படத்துக்கு இவ்வளவு கூலி, மாசத்துக்கு இத்தனை படம்" என்று கணக்கு எழுதிக் காட்டினேன். இருபத்துநாலு மாசம், மாசம் 2,500 அசல், வட்டி தனி என்று தீர்மானம் போட்டுக் கொடுத்தாங்க.

அந்தக் காசை எடுத்துக்கிட்டுத் திருச்சிக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "மேடம், வீட்டு டிசைன்னா கிராபிக்ஸ் கார்டு இல்லாம ஓடாது" என்று சொல்லி, பிள்ளைங்க கேம் விளையாடுற மாதிரி கலர் கலராக லைட் எரியுற பெட்டி ஒண்ணைத் தலையில் கட்டிட்டார். நான் போடுறது தரைப் படம், முகப்புப் படம், வெட்டுப் படம். எல்லாமே கோடு. கோடு போட அந்தக் கார்டு தேவையே இல்லை என்பது ஒரு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. அந்தக் காசுக்கு ஒரு பெரிய மானிட்டர் வாங்கியிருந்தா கண்ணாவது தப்பியிருக்கும்.

இப்ப யாராவது கேட்டா இதைத்தான் சொல்றேன். கோட்டுப் படம் மட்டும் போடுறவங்களுக்கு 8 ஜிபி ராம் போதும், 16 இருந்தா நிம்மதி. பழைய சுழலுற ஹார்ட் டிஸ்க் வேண்டாம், எஸ்.எஸ்.டி. கேளுங்க, படம் திறக்கிற வேகமே வேற. வீட்டை நிஜம் மாதிரி வெயில், நிழலோட காட்டுற முப்பரிமாணப் படம் செய்யப் போறீங்கன்னா மட்டும் கிராபிக்ஸ் கார்டு. அது முதல் வருஷம் தேவைப்படாது. தேவைப்பட்டா வேலை வந்திருக்குன்னு அர்த்தம், அப்ப வாங்கிக்கலாம். யூ.பி.எஸ்.ஸை மட்டும் தள்ளிப் போடாதீங்க. கரண்ட் போற நேரத்தை நம்ம கேட்டு வாங்க முடியாது.

கம்ப்யூட்டர் வந்துச்சு. படம் போடுற மென்பொருள் வேணும். நான் படிச்சது ஆட்டோகேட். அது 1982 முதல் இருக்கிற மென்பொருள். கட்டடத் தொழிலில் பாதிப் பேருக்கு அதுதான் தாய்மொழி. ஆனால் 2016-க்குப் பிறகு அதை ஒரே தடவை காசு கொடுத்துச் சொந்தமாக வாங்க முடியாது, வருஷா வருஷம் சந்தா கட்டணும். நான் யோசிக்கிறதைப் பார்த்த கடைக்காரர், "அதுக்கெல்லாம் காசு கொடுப்பாங்களா? நான் ஃப்ரீயாப் போட்டுத் தர்றேன்" என்றார். பென்டிரைவைச் சொருகினார். வைரஸ் தடுப்பை அணைச்சுட்டு என்னமோ ஒரு சின்ன ஃபைலை ஓட்டினார். அஞ்சு நிமிஷத்தில் ஆட்டோகேட் திறந்துச்சு. "தடுப்பை மறுபடி போட்டா இது ஓடாது, அப்படியே விடுங்க" என்று சொல்லி அனுப்பினார். நானும் சந்தோஷமாக வந்தேன். வீட்டுப் பின்கதவைத் திறந்து வச்சுட்டு முன்கதவுக்குப் பூட்டுப் போட்டவ மாதிரி இருந்திருக்கேன்.

ரெண்டு வருஷம் நல்லா ஓடுச்சு. முதல் வருஷம் சின்னச் சின்ன வேலை, ரெண்டாவது வருஷம் மேஸ்திரிங்களே ஆள் அனுப்ப ஆரம்பிச்சாங்க. கடனில் முக்கால்வாசி கட்டிட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கம்ப்யூட்டரைப் போட்டேன். படங்கள் இருக்கிற ஃபோல்டரில் எல்லாப் பேருக்குப் பின்னாலும் புரியாத எழுத்து நாலு ஒட்டியிருந்துச்சு. எதைத் திறந்தாலும் திறக்கலை. நடுவில் இங்கிலீஷில் ஒரு கடிதம்: உங்க ஃபைல் எல்லாம் பூட்டப்பட்டிருக்கு, இத்தனை டாலர் கட்டினா சாவி தருவோம். பக்கத்தில் சொருகியிருந்த பென்டிரைவிலும் அதே கதை. நான் பேக்கப் என்று வச்சிருந்ததே அந்தப் பென்டிரைவைத்தான்.

காசு கட்டலை. கட்டுறதுக்கு என்கிட்ட இல்லைங்கிறதுதான் உண்மை. ஆனால் இருந்தாலும் கட்டக் கூடாது. கட்டினவங்களுக்கெல்லாம் சாவி வந்துடும்னு யாரும் உறுதி சொல்ல முடியாது.

அன்னைக்கு என் கையில் பதினோரு வீடு கட்டிக்கிட்டு இருந்துச்சு. அதில் ஒண்ணு எங்க குழுவில் பூ கட்டி விக்கிற அக்காவோட வீடு. லிண்டல் மட்டம் வரை வந்து நிக்குது. கடன் கொடுத்த இடத்தில் அடுத்த தவணை தரணும்னா படத்தோட நகல் வேணும், அதில் மாடிப்படி மாத்தினதும் இருக்கணும் என்று கேட்டிருந்தாங்க. மாத்தின படம் என் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்துச்சு. அக்கா வாசலில் வந்து நின்னு, "அந்தப் பேப்பர் ரெடியாம்மா?" என்று கேட்டப்ப, "நாளைக்குத் தர்றேங்க்கா" என்று பொய் சொன்னேன். மறுநாளும் அதே பொய்.

மூணு ராத்திரி உட்கார்ந்து, மேஸ்திரி அண்ணன்கிட்ட இருந்த கசங்கின பிரிண்ட்டை வச்சு, தளத்துக்குப் போய் டேப் பிடிச்சு, அந்த ஒரு வீட்டை மறுபடி வரைஞ்சேன். மத்த பத்து வீட்டுக்கு ஒன்றரை மாசம் ஆச்சு. அந்த ஒன்றரை மாசத்துக்கு எனக்குக் கூலி கிடையாது, யார்கிட்டயும் கேட்கவும் முடியாது. ரெண்டு தவணை கட்டலை. குழுக் கூட்டத்தில் "உடம்பு சரியில்லை" என்று சொன்னேன்.

மூணாவது மாசம் சொல்லிட்டேன். அழுதுக்கிட்டேதான் சொன்னேன். பூக்கார அக்கா எதிரேதான் உட்கார்ந்திருந்தாங்க. யாரும் திட்டலை. ஊக்குநர் அக்கா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம, முன்னால் இருந்த பேரேட்டைத் தட்டிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க:

"நீ மாசம் கட்டுற சேமிப்பை நாம எத்தனை இடத்தில் எழுதுறோம்?"

"என் பாஸ்புக்கில், குழுப் பேரேட்டில். அப்புறம் மொத்தமா பேங்க் பாஸ்புக்கில்."

"மூணு இடம். ஒண்ணு உன் வீட்டில், ஒண்ணு என் வீட்டில், ஒண்ணு பேங்கில். நூறு ரூபாய் சேமிப்புக்கு மூணு இடத்தில் எழுதுறோம். ஒரு வீட்டுக்குப் படம், அதை ஒரே இடத்திலயா வச்சிருந்தே?"

எட்டாவது வரைக்கும் படிச்சவங்க எங்க ஊக்குநர் அக்கா. கம்ப்யூட்டர்காரங்க 3-2-1 என்று ஒரு விதி சொல்வாங்க. மூணு பிரதி, ரெண்டு வகைப் பொருளில், ஒண்ணு வேற இடத்தில். அதைப் பிறகு ஒரு வீடியோவில் கேட்டப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு.

இப்ப நான் செய்யுறது இதுதான். முதல் பிரதி கம்ப்யூட்டரில். ரெண்டாவது, தனி ஹார்ட் டிஸ்க் ஒண்ணு. தினம் சாயங்காலம் அதைச் சொருகி, அன்னைக்குத் தொட்ட படங்களை ஏத்தி, உடனே கழட்டிப் பீரோவில் வச்சுடுவேன். கழட்டுறதுதான் முக்கியம். சொருகியே வச்சிருந்தா அது பிரதி இல்லை, அதுவும் சேர்ந்தே போகும், என் பென்டிரைவ் போன மாதிரி. மூணாவது கூகுள் டிரைவ். 15 ஜிபி வரை இலவசம். கோட்டுப் படங்கள் சின்னது, நூத்துக்கணக்கில் ஏத்தினாலும் நிறையாது. கம்ப்யூட்டரில் கெட்டுப்போன ஃபைல் டிரைவிலும் போய் உட்கார்ந்துட்டா? அதுக்கும் வழி இருக்கு. மாத்தி ஏத்தின ஃபைலோட பழைய வடிவத்தை 30 நாள் வரை அது வச்சிருக்கும், திரும்ப எடுக்கலாம். ஆனால் 30 நாளுக்குள்ள நாம கவனிக்கணும்.

இன்னொண்ணு. மாசம் ஒருநாள், நம்ம குழுக் கூட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஏதாவது ரெண்டு படத்தை எடுத்துத் திறந்து பார்ப்பேன். தணிக்கை மாதிரி. பேக்கப் எடுத்துக்கிட்டே இருந்து, தேவைப்படும்போது ஒண்ணும் திறக்காம நின்ன ஒருத்தரை எனக்குத் தெரியும்.

ஆட்டோகேட்டில் வேலை செய்யுற பொண்ணுங்களுக்கு மட்டும் ஒரு நிமிஷம். மத்தவங்க தண்ணி குடிச்சுக்கோங்க. படத்தைச் சேமிக்கும்போது அதே பேரில் பி.ஏ.கே. என்று முடியுற ஒரு ஃபைல் பக்கத்தில் உருவாகும். அது இதுக்கு முந்தின சேமிப்பு. குப்பைன்னு நினைச்சு அழிக்காதீங்க. மூலப் படம் கெட்டுப்போனா, அந்தப் பி.ஏ.கே.வை நகல் எடுத்து, கடைசி மூணு எழுத்தை டி.டபிள்யூ.ஜி. என்று மாத்துங்க, திறக்கும். சேமிக்காம கரண்ட் போயிட்டா, தானாகச் சேமிக்கிற ஃபைல் ஒண்ணு தற்காலிக ஃபோல்டரில் எஸ்.வி. டாலர் என்று முடியும், அதையும் இப்படியே மாத்தித் திறக்கலாம். அந்தத் தானாகச் சேமிக்கிற நேரம் 10 நிமிஷம் என்று இருக்கும், நான் 5 என்று மாத்தி வச்சிருக்கேன். அடுத்தவங்க கொடுத்த படம் ரொம்ப மெதுவா நகர்ந்தா, 'பர்ஜ்' போட்டு வேண்டாததைக் கழிங்க, 'ஆடிட்' போட்டுப் பிழையைச் சரி பண்ணுங்க. புது கம்ப்யூட்டர் வாங்கச் சொல்றவங்ககிட்ட அதுக்கப்புறம் போகலாம்.

சரி, திருட்டு மென்பொருளை விட்டுட்டு என்ன பண்ணினேன்? இதுதான் நிறையப் பேர் என்கிட்டக் கேட்கிறது. காசில்லாத காலத்தில் லிப்ரேகேட் என்று ஒண்ணில் வேலை செஞ்சேன். அது சட்டப்படியே இலவசம், தொழிலுக்கும் பயன்படுத்தலாம், காலாவதி கிடையாது. ரொம்ப லேசானது. பெரியவளுக்கு அரசு கொடுத்த லேப்டாப்பிலேயே ஓடுச்சு. கோடு, அளவு, லேயர், பிரிண்ட், ஒரு வீட்டுப் படத்துக்கு வேண்டியது எல்லாம் அதில் இருக்கு. குறையும் சொல்லணும். அது டி.எக்ஸ்.எஃப். என்ற வகையில்தான் சேமிக்கும். அடுத்தவங்க ஆட்டோகேட்டில் போட்ட டி.டபிள்யூ.ஜி. படம் சில சமயம் முழுசாத் திறக்காது. அந்த மாதிரி வந்தா, "அண்ணா, டி.எக்ஸ்.எஃப்.ஆச் சேமிச்சு அனுப்புங்க" என்று கேட்டு வாங்கிக்குவேன். யாரும் முடியாதுன்னு சொன்னதில்லை.

வீட்டுக்காரங்களுக்கு உள்ளே எப்படி இருக்கும்னு காட்ட ஸ்வீட் ஹோம் 3டி. அதுவும் இலவசம். கட்டிலை இழுத்துப் போட்டா, பீரோ கதவு திறக்க இடம் இருக்கான்னு அங்கேயே தெரிஞ்சிடும். ஸ்கெட்ச்அப் என்பதில் பிரவுசரில் ஓடுற இலவச வடிவம் ஒண்ணு இருக்கு, அது சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். கூலி வாங்கிப் படம் போட அதை எடுக்கக் கூடாது. அதேபோல ஆட்டோகேட்டில் படிக்கிற பிள்ளைங்களுக்கு இலவசமாகத் தர்றது இருக்கு. உங்க மகள் படிக்கக் கத்துக்கட்டும். ஆனால் அதில் போட்ட படத்துக்கு நீங்க கூலி வாங்கினா அது தப்பு. வேலை பெருகின பிறகு நான் ஆட்டோகேட் எல்.டி. என்கிற விலை குறைஞ்ச வடிவத்துக்குச் சந்தா கட்டுறேன். வருஷச் சந்தாவைப் பன்னிரண்டால் வகுத்து, மாசம் மாசம் அதுக்குன்னு ஒரு உண்டியலில் போடுறேன். ஒவ்வொரு வீட்டுக் கூலியிலும் அதுக்கு ஒரு பங்கு இருக்கு. முன்னாடி அந்தப் பங்கை நான் வாங்கவே இல்லை, அதான் கூலி குறைச்சலாச் சொல்லி வேலை பிடிச்சேன். இப்ப என் கூலி கொஞ்சம் கூடுதல்தான். ஏன்னு கேட்டா காரணம் சொல்றேன்.

அடுத்தது ஒரு நூல் கதை. தையல் நூல் இல்லை, மேஸ்திரி நூல். ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நம்ம ஊரில் ஒரு நூல்னு சொல்வாங்க. ஒரு தடவை ஒரு சின்ன வீட்டுக்கு, ஒரு அங்குலத்துக்கு நாலு அடி என்ற கணக்கில் படம் போட்டு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். வீட்டுக்காரங்க அதை ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து மேஸ்திரிகிட்டக் கொடுத்துட்டாங்க. ஹாலின் நீளம் 14 அடி. ஆனால் நான் அந்த இடத்தில் அளவை எழுத மறந்துட்டேன். மேஸ்திரி அண்ணன் டேப்பைப் பேப்பரில் வச்சுப் பார்த்திருக்கார். மூணு அங்குலம் நாலு நூல் இருக்க வேண்டியது, மூணு அங்குலம் மூணு நூல்தான் இருந்திருக்கு. ஒரு நூல் போனா தரையில் அரை அடி போச்சு. 13 அடி 6 அங்குலத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, தூண் குழிக்கு ஆளும் இறக்கிட்டார்.

அந்த ஒரு நூல் எங்கே போச்சு? பிரிண்ட் எடுக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' என்று ஒண்ணு டிக் ஆகியிருக்கும். படம் பேப்பரின் ஓரத்தில் வெட்டுப்படாம இருக்க, பிரிண்டர் தானாகவே நூத்துக்குத் தொண்ணூத்தேழு என்று சுருக்கிடும். மூணு சதவீதத்தை எந்தக் கண்ணும் பிடிக்காது. ஏ3 தாளில் போட்ட படத்தை ஏ4-இல் எடுத்தா பத்து அடி ஏழு அடியாத் தெரியும், அதையாவது யாரும் கண்டுபிடிச்சுடுவாங்க. சின்னச் சுருக்கம்தான் ஆபத்து. நல்லவேளை, அன்னைக்கு மதியம் நான் தளத்துக்குப் போனேன். குழி முழுசா வெட்டலை, மாத்திட்டோம். ஒரு நாள் கூலிதான் போச்சு, அதை நான்தான் கொடுத்தேன்.

அதிலிருந்து என் படத்தில் மூணு விஷயம் தவறாது. எல்லாச் சுவருக்கும், எல்லாத் திறப்புக்கும் அளவு எண்ணில் எழுதியிருக்கும். "அளவைப் படித்துச் செய்யவும், பேப்பரை அளக்க வேண்டாம்" என்று தமிழில் பெரிசா இருக்கும். கீழே பத்து அடிக்கு ஒரு பட்டைக் கோடு இருக்கும். அந்தக் கோட்டை அளந்து சரியா வந்தா பிரிண்ட் சரி, குறைஞ்சா சுருங்கியிருக்கு. பி.டி.எஃப். ஃபைலாகவே அனுப்புறேன், வாட்ஸ்ஆப்பில் 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து. போட்டோவாக அனுப்பினா அது படத்தைச் சுருக்கி, 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாம ஆக்கிடும்.

அரை அடிதானே என்று நினைக்காதீங்க. பிரதமர் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் குறைஞ்சபட்ச அளவே 25 சதுர மீட்டர், நம்ம கணக்கில் சுமார் 269 சதுர அடி. கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி. இந்த அளவில் அரை அடி என்பது ஒரு பீரோ நிக்கிறதா, இல்லை வாசலை மறைக்கிறதா என்பது. பங்களாவுக்குப் படம் போடுறதைவிட இதுக்குப் போடுறது கஷ்டம்னு நான் சொல்வேன், யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

ஃபைலுக்குப் பேர் வைக்கிறதில்கூட வீடு கோணலாகும். என்கிட்டயே 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் கடைசி' என்று மூணு இருந்த காலம் உண்டு. இப்பப் பேரின் முதலில் வருஷம், மாசம், தேதி என்ற வரிசையில் எண், அப்புறம் வீட்டுக்காரங்க பேர். கம்ப்யூட்டர் தானாக வரிசைப்படுத்தும். படத்தின் மூலையிலும் "திருத்தம் 1, திருத்தம் 2" என்று தேதியோட போடுறேன். புதுசு கொடுக்கும்போது பழைய பேப்பரைத் திரும்ப வாங்கிக் கிழிச்சுடுவேன். மேஸ்திரி அண்ணன் முறைப்பார், பரவாயில்லை.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம். முன்னாடியெல்லாம் படத்தில் எல்லாமே இங்கிலீஷில், அதுவும் பாதி எழுத்தில் இருக்கும். கிச்சனுக்கு 'கே', பாத்ரூமுக்கு 'டி'. பூக்கார அக்கா தன் வீட்டுப் படத்தைக் கையில் வச்சுக்கிட்டு, "இதில் எங்கம்மா அடுப்பு?" என்று கேட்டாங்க. காசு அவங்களுது, தினம் பத்து தடவை அந்த அடுப்பங்கரைக்குப் போகப் போறவங்க அவங்க. படம் மட்டும் அவங்களுக்குப் புரியாது. அன்னைக்கே தமிழில் எழுதணும்னு முடிவு பண்ணினேன். தட்டினா எல்லாம் கேள்விக்குறியா வந்துச்சு. ஆட்டோகேட்டில் பழைய எஸ்.எச்.எக்ஸ். வகை எழுத்துருவில் தமிழ் இருக்காது. 'டெக்ஸ்ட் ஸ்டைலில்' போய் லதா அல்லது நிர்மலா யூ.ஐ. என்று மாத்துங்க, அழகா வரும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துரு வேண்டாம். அது இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தா தமிழ் எல்லாம் இங்கிலீஷ் எழுத்துக் குப்பையாத் தெரியும். யூனிகோடில் தட்டி, பி.டி.எஃப். ஆக்கிக் கொடுத்துடுங்க. அனுமதிக்குப் போடுற படத்தில் என்ன கேட்கிறாங்களோ அப்படி இருக்கட்டும். வீட்டுக்காரம்மாவுக்குன்னு ஒரு பிரதி தமிழில் கொடுங்க. அதைக் கொடுத்த பிறகு என் வேலை கூடிப்போச்சு என்பதையும் சொல்லிடுறேன். படம் புரிஞ்சதும் கேள்வி வருது. ஜன்னல் ஏன் இங்கே, தண்ணித் தொட்டி ஏன் அங்கே, மாடிப்படிக்குக் கீழே விறகு வைக்கலாமா என்று. முன்னாடி அந்தக் கேள்வியெல்லாம் சுவர் எழும்பின பிறகு வரும், இடிக்க வேண்டியிருக்கும்.

வீடு கட்டப் போறவங்களுக்கு. படம் போடக் கொடுக்கும்போதே, பேப்பரோட பி.டி.எஃப்.பும், மூல ஃபைலும் வேணும்னு பேசிக்கோங்க. பணம் முழுசாக் கொடுக்கிற அன்னைக்கு வாங்கிக்கோங்க. உங்க பேருக்கு மெயில் இல்லைன்னா பிள்ளைங்க மெயிலுக்கு அனுப்பச் சொல்லுங்க. நாளைக்கு அந்தப் படம் போட்டவர் ஊரை விட்டுப் போனாலும், என்னை மாதிரித் தொலைச்சுட்டு நின்னாலும், மாடி எடுக்கும்போது உங்ககிட்ட இருக்கும். இப்ப அனுமதியெல்லாம் இணையதளம் வழிதான். 2024 ஜூலை முதல் சுயசான்று முறையும் வந்திருக்கு. 2,500 சதுர அடிக்குள்ள மனை, 3,500 சதுர அடிக்குள்ள கட்டடம், தரைத்தளம் அல்லது அதோட ஒரு மாடி என்றால் அதில் போடலாம். யார் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தாலும் அதில் உங்க போன் நம்பரைக் கொடுக்கச் சொல்லுங்க, புரோக்கர் நம்பர் வேண்டாம். ஓ.டி.பி. உங்களுக்கு வரட்டும். சுயசான்று என்றால் நீங்க கையெழுத்துப் போட்டுப் பொறுப்பு ஏத்துக்கிறீங்க. படத்தில் விட்டிருக்கிற பக்க இடைவெளியைத் தரையிலும் விட்டிருக்கீங்களான்னு நீங்களே டேப் பிடிங்க.

கம்ப்யூட்டரில் வர்ற கலர்ப் படத்தைப் பார்த்து மயங்காதீங்க. அதில் பலகணி காத்தில் தொங்கினாலும் விழாது. கம்பி எத்தனை, எந்தத் தடிமன், தூண் எவ்வளவு என்று சொல்ல வேண்டியவர் பொறியாளர். நான் அறைகளைப் பிரிக்கிறவ, கம்பிக் கணக்குக்கு நானே அவர்கிட்டத்தான் போறேன்.

என் கடன் முப்பத்தோராவது மாசம் முடிஞ்சது. ஏழு மாசம் தாமதம். தீர்மான நோட்டில் அது அப்படியே எழுதியிருக்கு, காரணத்தோட. பூக்கார அக்கா வீட்டுக்கு இப்ப மேல ஒரு ரூம் எடுக்கிறாங்க. அந்தப் படமும் நான்தான் போடுறேன், மூணு இடத்தில் இருக்கு.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நுழைவாயில் பக்கம், ஊறுகாய் வச்சிருக்கிற மேஜைக்கு அடுத்து என் லேப்டாப்போட இருப்பேன். வீட்டுப் படம் வச்சிருக்கிறவங்க கொண்டு வாங்க, அளவு சரியான்னு பார்த்துச் சொல்றேன். கம்ப்யூட்டர் வச்சிருக்கிற பொண்ணுங்க பென்டிரைவ் கொண்டு வந்தா லிப்ரேகேட் ஏத்தித் தர்றேன். முதலில் வைரஸ் இருக்கான்னு பார்ப்பேன், கோவிச்சுக்காதீங்க.